வேண்டாம் என்று சொல்லாத உப்பு வண்டிக்காரர்

பெயர் வேண்டாம். அவர் இருந்திருந்தால் "நம்ம பேரெல்லாம் எதுக்கும்மா?" என்று கூச்சப்பட்டுக்கொண்டே நழுவியிருப்பார். கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் உப்பு வண்டிக்காரர் என்றால்தான் தெரியும். மரக்காணம் உப்பளத்திலிருந்து குட்டி யானை வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். கருவாட்டுக் கடைகளுக்கு இறக்கியது போக இரண்டு மூட்டை எங்கள் வீட்டுக்கு. அத்தா குவைத்தில் இருந்தார். அம்மா வீட்டிலேயே எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். நான் மூன்றாவது படிக்கும்போது ஆரம்பித்த வரவு அது. அம்மாவை அக்கா என்றார். அதனால் எனக்கு மாமா ஆனார்.

அந்த மாமாவுக்கு எதையும் நல்லா இல்லை என்று சொல்ல வாய் வராது. எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்குதும்மா" என்பார். சென்ற வருடம் செத்துப்போனார், ஐம்பத்து நான்கு வயதில். உணவுக் குழாயில் கட்டி. மூன்று மாதம் முன்னால் பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த மூன்று மாதத்துக்கு முன்னால்தான், பொம்மையார்பாளையம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கறியை நெருப்பில் வாட்டிப் பரிமாறும் ஒரு பெரிய ஸ்டேக் ஹவுஸில், என் எதிரே உட்கார்ந்து ஒரு வாய்க் கறியை விழுங்க முடியாமல் அவர் திண்டாடினார். நான் பார்மசி படித்தவள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததை வேறு எதுவாகவோ எடுத்துக்கொண்டேன். அந்தக் குற்றத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஒரு தரம் அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து பிரியாணி ஆக்கினார்கள். ஒருத்தி போட்டது தெரியாமல் இன்னொருத்தியும் உப்பைப் போட்டுவிட்டாள். முதலில் சாப்பிட உட்கார்ந்தவர் மாமா. இரண்டு தட்டு சாப்பிட்டார். "எப்படிப்பா இருக்குது?" என்று அம்மா கேட்டதற்கு வழக்கமான பதில். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே பெரியம்மா எழுந்து ஓடினாள்.

அடுத்த முறை வந்தபோது அம்மா விடவில்லை.

"ஏம்பா, உப்பு வண்டி ஓட்டுறவன் நாக்குக்கு உப்பு தெரியலையா?"

"தெரிஞ்சுதுக்கா. ஆசையா ஆக்கிப் போட்டுட்டு நிக்கிறீங்க. அப்ப போயி சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நீ சொல்லியிருந்தா நாங்களாவது தப்பிச்சிருப்போமேடா!"

அவரும் சேர்ந்து சிரித்தார். பிரியாணி தின்ற அன்றைக்கு மரக்காணம் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தாராம்.

சாப்பாட்டில் மட்டும்தான் இப்படி என்றில்லை. தையல்காரர் ஒருவர் அவருக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை தைத்துக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு கையையும் முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார். அடுத்த சட்டையையும் அதே ஆளிடம்தான் தைத்தார், அதையும் மடித்துவிட்டுக்கொண்டார். நான் பார்த்த காலமெல்லாம் அவர் கையை மடிக்காமல் சட்டை போட்டதில்லை. அது அவருடைய ஸ்டைல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி ஆக்கும் நாள் அவர் வருகிற நாளாக அமைந்துவிட்டால் அம்மா அவருக்கென்று ஒரு தனிச் சட்டியை எடுப்பாள். சின்ன அலுமினியச் சட்டி. அதில் மீனோ முட்டையோ ஆகும். அதற்குத் தனிக் கரண்டி. அந்தச் சட்டியில் மாட்டுக்கறி பட்டதே இல்லை. "இது உன் சட்டிப்பா, பயப்படாம சாப்பிடு" என்று எடுத்துக் காட்டிவிட்டுத்தான் பரிமாறுவாள். அவர் ஒருநாளும் கேட்டு வாங்கிய ஏற்பாடில்லை. வானூர் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குத் தோழியாக இருந்தாளாம். ஒருநாள் தெரியாமல் எங்கள் வீட்டுக் கறியைத் தின்றுவிட்டு, பிறகு தெரிந்து அழுதாளாம். அதிலிருந்து அம்மா இந்த விஷயத்தில் ரொம்ப கவனம். யாருக்கும் தன் வீட்டில் அப்படி ஒரு மனக்கஷ்டம் வரக் கூடாது என்பாள். மாமாவுக்கு அந்தச் சட்டி தேவைப்பட்டதா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்டால் என்ன பதில் வரும் என்பது மட்டும் தெரியும்.

இந்தக் குணத்தோடு குடும்பம் நடத்தினவள் பாடு வேறு. மரக்காணத்தை ஒட்டிய கிராமத்தில் அவர்கள் வீடு. பிள்ளை இல்லை. ஒரு பொங்கலுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். மாமா வெளியே போயிருந்த நேரம் அத்தை, அதாவது அவர் மனைவி, அடுப்படியில் அம்மாவிடம் புலம்பினாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து பாக்குறேங்க்கா. கொழம்பு தீஞ்சி போனாலும் நல்லா இருக்குது, ஊசிப் போனாலும் நல்லா இருக்குது. ஒரு நாளாவது தட்டத் தள்ளி வெச்சி, இன்னாடி இது சமையலுன்னு கேக்கட்டுமே. செவுத்துக்கு ஆக்கிப் போடுற மாதிரி இருக்குதுக்கா."

"அடியே, அடிக்கிற புருஷனைக் கட்டினவள்லாம் இருக்கா. உனக்குக் கொழுப்பு" என்று அம்மா அவளை அடக்கினாள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அத்தை சொன்னது எனக்கும் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது. அவளுக்கு எவ்வளவு தனிமையாக இருந்திருக்கும் என்பது இப்போது புரிகிறது.

ஸ்டேக் ஹவுஸுக்கு வருகிறேன்.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பரீட்சை எழுதப் போன இடம் வரைக்கும் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அலைந்தவர் மாமாதான். முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு விருந்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. எங்கே போகலாம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முறை அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைத் தாண்டும்போதும் "இதுக்குள்ள இன்னாதாம்மா இருக்குது, இவ்ளோ காரு நிக்குது?" என்று கேட்பார். அவர் வாயைத் திறந்து ஒன்றைப் பற்றிக் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். மாமா, அம்மா, நான். அத்தை சொந்தத்தில் ஒரு காது குத்துக்குப் போய்விட்டாள். அவள் வந்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே கறுப்புக் கல்லில் சுவர், தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் விளக்கு, ஒரு பக்கம் கண்ணாடிக்கு அப்பால் நெருப்பு எரிய எரிய கறி வாட்டுகிறார்கள். மேஜையில் ஆளுக்கு இரண்டு கத்தி, இரண்டு முள்கரண்டி, விசிறி போல மடித்து வைத்த வெள்ளைத் துணி. அம்மா புர்காவை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் வேலையாக "ஹலாலாப்பா?" என்று கேட்டாள். பரிமாறுகிறவர் ஆமாம் என்றதும்தான் நாற்காலியில் சாய்ந்தாள். "எப்படி வேணும் மேடம், மீடியமா, வெல் டன்னா?" என்று அவர் கேட்டார். "வெந்திருக்கணும்பா, அவ்வளவுதான்" என்றாள்.

அம்மாவுக்கும் எனக்கும் மாட்டு ஸ்டேக் சொன்னேன். மாமாவுக்கு ஆட்டு சாப்ஸ். எங்கள் வீட்டுப் பழக்கத்தில், "அதைத் தனியாச் செஞ்சு தர முடியுமா?" என்றும் கேட்டேன்.

"எல்லாம் ஒரே கிரில்தான் மேடம். தனியா வசதியில்ல" என்றார் அவர்.

நான் மாமாவைப் பார்த்தேன். "எதுக்கும்மா அவங்களுக்குத் தொந்தரவு? இருக்கட்டும்" என்றார்.

முதலில் ஒரு பலகையில் மூன்று கிண்ணம் வந்தது. மூன்றிலும் உப்பு. ரோஜா நிறத்தில் ஒன்று, கறுப்பாக ஒன்று, வெள்ளையாக ஒன்று. வெள்ளை உப்பு பிரான்சிலிருந்து வருகிறது, கையால் அள்ளியது என்று பரிமாறுகிறவர் ஒப்பித்தார். மாமா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "ரொம்ப நல்லா இருக்குது தம்பி" என்றார். பரிமாறுகிறவர் அந்தப் பக்கம் போனதும் மாமா என் பக்கம் குனிந்தார்.

"நம்ம மரக்காணத்து உப்புதாம்மா. இடிச்சி சலிச்சிருக்காங்க. நீ எதுவும் சொல்லிடாத. பாவம், அதுக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்களோ அதைத்தானே சொல்லுது."

அம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

கறி வந்தது. மாமா ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் குடித்தார். நெஞ்சை லேசாக நீவிக்கொண்டார். வெள்ளைத் துணியால் வாயைத் துடைத்தார். அடுத்த துண்டு. மறுபடியும் தண்ணீர், மறுபடியும் துணி. கண்ணில் நீர் கோத்திருந்தது. "காரமா மாமா?" என்றேன். "இல்லம்மா, பொகை" என்றார். பரிமாறுகிறவர் வந்து சாப்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மாமா கையைத் தூக்கி, விரலைக் குவித்துக் காட்டினார். தட்டு காலியானது. நான் பூரித்துப் போனேன்.

அவர் கை கழுவப் போனார். துணி நாற்காலியில் கிடந்தது. கீழே விழப் போகிறதே என்று எடுத்தேன். கனமாக இருந்தது. விரித்தால், மென்று சக்கையாக்கிய கறித் துண்டுகள். எட்டோ பத்தோ. ஒரு துண்டுகூட அவருக்குள் போகவில்லை.

அம்மாவும் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஒரே அடுப்புன்னு அந்தத் தம்பி சொல்லுச்சுல்ல. மனசு ஒப்பல அவனுக்கு. மடிச்சு வை. பாத்த மாதிரி காட்டிக்காத."

நான் அம்மா மாதிரி இல்லை. எனக்கு நாக்கு நீளம். திரும்பி வரும்போது வண்டியிலேயே கேட்டேன்.

"மாமா, மாட்டுக்கறி சுட்ட அடுப்புலயே சுட்டதாலதானே சாப்பிடல?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். எதிரே வந்த ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டார். பிறகு சொன்னார்.

"ஆமாம்மா. தப்பா எடுத்துக்காத."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தொழுது முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள். "இத்தனை வருஷமா நம்ம வீட்ல சாப்பிட்டதெல்லாம் இப்படித்தானா? நம்ம மனசு நோகக் கூடாதுன்னு முழுங்கினானா?" பிரியாணி நாளை நினைத்தாள். எதைத்தான் அவர் பிடித்துச் சாப்பிட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் கோபத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு கடைக்குப் போயிருப்போமே, எதற்கு இந்த நாடகம் என்று கத்தினேன்.

அம்மாவின் மரியாதை ஒரு விபரீதமான மரியாதை. இனி அவனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டாள். அடுத்த முறை மாமா உப்போடு வந்தபோது டீ மட்டும் கொடுத்தாள். சாப்பிடக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, "வர்றேங்கக்கா" என்று கிளம்பினார். இப்படி ஆறு தடவை. அந்த மூன்று மாதத்தில் அவர் சாப்பிடுவதை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. உடம்பு இளைத்திருந்ததைப் பார்த்தேன். உப்பளத்து வெயில் என்று நினைத்தேன். நடுவில் ஒருநாள் என் மருந்தகத்துக்கே வந்து, "நெஞ்சு அடைச்ச மாதிரி இருக்குதாம், எங்க பக்கத்து ஊட்டு ஆளு ஒருத்தருக்கு. இன்னா குடுக்கலாம்?" என்று கேட்டார். எவ்வளவு நாளாக, எதைச் சாப்பிட்டால் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் கேட்பேன். கோபம் தீராததால் அவரிடம் கேட்கவில்லை. புளித்த ஏப்பத்துக்குக் கொடுக்கிற சிரப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "நல்ல மருந்தும்மா" என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி ஓட்டும்போது மயங்கிவிட்டார் என்று அத்தை போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது சட்டைக்குள் ஆளைக் காணோம். டாக்டர், "எத்தனை மாசமா சாப்பாடு இறங்கல?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை விழித்தாள்.

"கஞ்சி போதும்னாருங்க. வெயிலுக்கு அதுதான் நல்லா இருக்குதுன்னாரு. அப்புறம் நீராகாரம் போதும்னாரு. அதுவும் நல்லா இருக்குதுன்னாரு. அவரு எல்லாத்துக்கும் அப்படித்தாங்க சொல்லுவாரு."

கட்டி பரவியிருந்தது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அவரோடு நான் மட்டும் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் மாமா ஆமான்னு சொன்னீங்க?"

குரல் கம்மிப் போயிருந்தது. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"நீ ஆசையா கூட்டிக்கினு போன. நெஞ்சுல இறங்கலன்னு சொன்னா பதறிடுவ. உன் விருந்து கெட்டுப் போயிடும். நீயே ஒரு காரணம் சொன்ன. சரி, அது சின்ன விஷயம்தானேன்னு எடுத்துக்கினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "அக்கா சாப்பிடக் கூப்பிடலன்னதும்தாம்மா தெரிஞ்சுது, அது சின்ன விஷயம் இல்லன்னு."

இதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் அந்தச் சின்ன அலுமினியச் சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இனிமேல் ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மரக்காணத்து வீட்டில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். சாப்பாடெல்லாம் குழாய் வழியாகத்தான். ருசிக்காக வாயில் ஒன்றிரண்டு ஸ்பூன் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒன்றிரண்டு ஸ்பூனுக்காக அம்மா ஞாயிறுதோறும் கோட்டக்குப்பத்திலிருந்து ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போவாள். எலும்பு சூப்பு, இளநீர்ப் பாயசம். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணாலேயே நல்லா இருக்குது என்பார். அம்மா திரும்பி வரும்போது, "நிஜமாவா சொல்றான்?" என்று என்னைக் கேட்பாள். நான் என்ன சொல்ல?

நாலாவது ஞாயிறு, தேங்காய்ப்பால் விட்டு ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுபோனாள். வெயில் தாழ்ந்த நேரம். ஒரு ஸ்பூன் எடுத்து வாயருகே கொண்டுபோனாள். மாமா வாங்கிக்கொண்டார். உதட்டோரம் வழிந்தது. அம்மா துடைத்துவிட்டு இரண்டாவது ஸ்பூனை எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாங்க்கா" என்றார். "புடிக்கல."

அம்மா ஸ்பூனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் தலையைத் தடவினாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"இப்பதாண்டா நீ எனக்குத் தம்பி" என்றாள். "இவ்ளோ வருஷம் விருந்தாளியாவே இருந்துட்டியேடா."

வாசற்படியில் நின்ற அத்தை இதைக் கேட்டாள். விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், தான் வைத்திருந்த கேழ்வரகுக் கூழை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். "என்னுது?" என்று நீட்டினாள். மாமா அவளைப் பார்த்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அத்தை சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இப்பவாச்சும் சொன்னியேய்யா! இப்பவாச்சும் தோணுச்சே!" என்று அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பெண்களும் ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். போகப் போகிற உடம்பு முதலில் சாப்பாட்டைத்தான் வேண்டாம் என்னும். படித்திருக்கிறேன், மருந்தகத்துக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து கேட்டுமிருக்கிறேன். இன்னும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. இந்த முறை எனக்குச் சரியாகத் தெரிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாடி, தெளிவாப் பேசுறான். தேறிடுவான், இன்ஷா அல்லாஹ். என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டாள். அத்தையும் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.